ஒரு காலண்டர், ஐந்து கைகள்: சம்பளத்துக்கு வரைந்த படம் யாருடையது?

புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டி ஒரு பரிசுப்பொருள் நிறுவனம். வாழ்த்து அட்டை, நோட்டுப் புத்தகம், துணிப்பை விற்கிறது. பழைய கலங்கரை விளக்கம் தொடங்கிப் பிச்சாவரம் வரை, மாதம் ஓர் இடமாகக் கடலோரத்தைக் காட்டும் சுவர்க் காலண்டர் ஒன்றை 3,000 படி அச்சிட்டது. நல்ல விற்பனை. மறு ஆண்டு அதே படங்களைத் துணிப்பையிலும் ஃபிரிட்ஜ் காந்தத்திலும் போட்டது. அதற்குள் படம் வரைந்த பெண் வேலையை விட்டுவிட்டார். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்தப் படங்களை ஏ4 அளவில் அச்சிட்டு, ஒன்று 350 ரூபாய் என்று விற்கத் தொடங்கினார். நிறுவனத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது: படங்கள் அனைத்தும் எங்கள் சொத்து, ஏழு நாளில் நிறுத்த வேண்டும், ஐந்து லட்சம் இழப்பீடு தர வேண்டும்.

இது யாரோ ஒருவருடைய வழக்கு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிறு நிறுவனங்களில் வாடிக்கையாக எழும் சிக்கல்களை ஒரே பொருளின் மேல் வைத்துப் பார்ப்பதற்காக அமைத்த நிகழ்வு. ஆட்களும் தொகைகளும் புனைவு. சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் உள்ளபடி.

நோட்டீஸின் முதல் கோளாறு “படங்கள் அனைத்தும்” என்ற சொல்லிலேயே இருக்கிறது. காலண்டருக்கு என்று பதிப்புரிமை தனியாக ஒன்று இருக்கலாம். ஆனால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும், குறிப்புக்கும், வரைபடத்துக்கும் அதனதன் பதிப்புரிமை உண்டு. பணம் யார் கொடுத்தார் என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான் வரும்: நிறுவனம். சட்டம் கேட்பது வேறு. இந்தப் படைப்பு எந்த வகை, அது உருவான அன்று படைத்தவருக்கும் பணம் கொடுத்தவருக்கும் என்ன உறவு, அந்த உறவை மாற்றும் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. ஆகவே காலண்டரைத் தாள் தாளாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரித்தால் ஐந்து கைகள் தெரிகின்றன. பன்னிரண்டு படங்களை வரைந்தவர் மாதச் சம்பள ஊழியர். அட்டைப் புகைப்படம் கடலூர் புகைப்படக்காரர் ஒருவருடையது. இடங்களைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளை மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதினார். பின்தாளில் உள்ள கடலோர வரைபடத்தைத் தனியாகத் தொழில் செய்யும் கட்டட வரைகலைஞர் போட்டுக் கொடுத்தார். மாதப் பெயர்களின் எழுத்து வடிவம், பாலிடெக்னிக்கிலிருந்து ஆறு வாரப் பயிற்சிக்கு வந்த மாணவியின் கைவண்ணம். ஆறாவதாக நிறுவன இயக்குநரும் வரிசையில் நிற்கிறார்: “கடலோரத்தை மாதம் ஓர் இடமாகக் காட்டலாம்னு சொன்னதே நான்தான்.” அவரை உடனே அனுப்பிவிடலாம். யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு என்பதை 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

பிரிவு 17 சொல்வது

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவு முதல் உரிமையாளர் யார் என்று வகுக்கிறது. பொதுவிதி ஒரே வரி: படைத்தவரே முதல் உரிமையாளர். அதன்பிறகு விலக்குகள். நமக்கு வேண்டியவை இரண்டு. (பி) உட்பிரிவு: ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன வண்ண ஓவியம் அல்லது உருவப்படம், செதுக்கச் சொன்ன அச்சுச்செதுக்கல், எடுக்கச் சொன்ன திரைப்படம் ஆகியவற்றுக்குக் கேட்டவரே முதல் உரிமையாளர். (சி) உட்பிரிவு: ஊழிய ஒப்பந்தத்தின் கீழோ தொழிற்பயிற்சி ஒப்பந்தத்தின் கீழோ, வேலையின் போக்கில் உருவான படைப்புக்கு முதலாளியே முதல் உரிமையாளர். இரண்டிலும் “மாறான ஒப்பந்தம் இல்லாதபோது” என்ற நிபந்தனை உண்டு. (ஏ) உட்பிரிவு பத்திரிகை ஊழியர்களுக்கானது: பத்திரிகையில் வெளியிடும் அளவுக்கு மட்டும் உரிமை பத்திரிகைக்கு, மற்றது எழுதியவருக்கு. இங்கே யாரும் நிருபர் இல்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.

புகைப்படக்காரர் விஷயம் சுலபம். நாள் கூலி பேசி, பாரதி பூங்காவில் நிறுத்தி எடுக்கச் சொன்ன அட்டைப்படம் (பி)-யில் நேராக விழுகிறது, உரிமை நிறுவனத்துக்கு. பின்னட்டையில் சிறிதாக இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் வேறு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த மறுநாள், யாரும் கேட்காமல் அவர் எடுத்து வைத்திருந்த படம் அது. பழைய படத்தை எடுத்துக் கொடுத்ததற்குப் பணம் வாங்கினார் என்பதால், பணத்துக்காக எடுத்த படம் ஆகிவிடாது. உரிமை அவரிடமே இருக்கிறது. காலண்டரில் போட அனுமதி மட்டும் நிறுவனத்திடம். ஒரே பில்லில் இரண்டு படத்துக்கும் சேர்த்து ஒரே தொகை போட்டிருந்தார்கள். இந்த மாதிரிப் பில்தான் பிற்பாடு தலைவலி தருவது. புதிதாக எடுத்ததும் கையிருப்பிலிருந்து கொடுத்ததும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும்.

ஓவியரின் பன்னிரண்டு படங்கள்

நியமனக் கடிதத்தில் “கிராஃபிக் டிசைனர், பேக்கேஜிங், லேபிள், கேட்டலாக், விற்பனைப் பொருட்களுக்கான படங்கள்” என்று வேலை விவரம் இருந்தது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம், படிவம் 16, வருகைப் பதிவு எல்லாம் உண்டு. ஊழியரா, வெளியாளா என்ற கேள்வியே எழாது. எழும் இடங்களில் நீதிமன்றங்கள் ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொள்வதில்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்தும் அதிகாரம் யாரிடம், கருவிகள் யாருடையவை, வேலை நிறுவனத்தின் அங்கமா, லாப நட்டம் யாருக்கு என்று பலவற்றையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்பது 1956-இன் தாராங்கதாரா கெமிக்கல்ஸ் தீர்ப்பிலிருந்து 2020-இன் சுசீலாபென் காந்தி தீர்ப்புவரை உச்ச நீதிமன்றம் வளர்த்தெடுத்த வழி. கையில் கிடைக்கும் காகிதத்தில், வரிப் பிடித்தச் சான்று படிவம் 16-ஆ (சம்பளத்துக்குத் தருவது) 16ஏ-ஆ (சம்பளமல்லாத தொகைக்குத் தருவது) என்பது நல்ல தொடக்கச் சான்று. முடிவான சான்று அல்ல.

பன்னிரண்டில் எட்டுப் படங்கள் எழுத்துமூலக் குறிப்பு கொடுத்து, அலுவலகத்தில் வரையச் சொன்னவை. (சி) உட்பிரிவு, நிறுவனத்துக்கே. வேலையை விட்ட பிறகு இவற்றின் அச்சுப் பிரதியை அவர் விற்றது மீறல்தான். தாளும் தூரிகையும் தன்னுடையவை, மூல ஓவியம் தன் வீட்டில் இருக்கிறது என்ற வாதம் உதவாது. மூலத்தாளை வைத்திருப்பது வேறு, அதைப் படியெடுக்கும் உரிமை வேறு.

சில்வர் பீச், தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டை ஆகிய இரண்டும் அவர் கல்லூரியில் படிக்கும்போதே வரைந்தவை. வேலைக்கு விண்ணப்பித்தபோது அனுப்பிய படத்தொகுப்பிலேயே இருக்கின்றன. அந்த மின்னஞ்சல் நிறுவனத்தின் பெட்டியிலேயே கிடக்கிறது. சேருவதற்கு முன் வரைந்தது வேலையின் போக்கில் வந்ததாகாது. அவை அவருடையவை.

இங்கே ஒரு கிளைச்சிக்கல். பன்னிரண்டு படங்களிலும் தூக்குச்சட்டி மாட்டிய சைக்கிளில் ஒரு பையன் எங்காவது ஒரு மூலையில் போய்க்கொண்டிருப்பான். காலண்டர் விற்றதே அவனால்தான் என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பையன் யாருக்கு? கேரள உயர் நீதிமன்றம் 1988-இல் தீர்ப்புச் சொன்ன வி.டி. தாமஸ் எதிர் மலையாள மனோரமா வழக்கு இதற்கு நெருக்கமானது. போபனும் மோளியும் என்ற பாத்திரங்களைப் பத்திரிகையில் சேருமுன்பே படைத்திருந்த கார்ட்டூனிஸ்ட், விலகிய பிறகு வேறிடத்தில் அவர்களை வரைவதைப் பழைய முதலாளி தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். பணியில் இருந்தபோது வரைந்த சித்திரங்கள் நிறுவனத்துக்கு. இனி வரையப்போகும் சித்திரங்கள் அவருக்கு. சைக்கிள் பையன் கல்லூரிக் காலத்துப் படம் இரண்டிலும் இருக்கிறான். ஆகவே ஓவியர் அவனைப் புதிய படங்களில் தாராளமாக ஓட்டலாம். அந்த எட்டையும் மறுபடி அச்சிடுவதோ, கோணத்தை லேசாகத் திருப்பி வரைவதோ மட்டும் கூடாது.

மிச்சம் இரண்டு: ஆயி மண்டபமும் பெரிய மார்க்கெட்டும். இந்த இரண்டில்தான் உண்மையான சண்டை. பணியில் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்த நோட்டில் வரைந்தவை. ஒன்றுக்கு வண்ணம் சேர்த்தது அலுவலக மடிக்கணினியில். நிறுவனத்தின் வாதம் எளிது: எங்கள் டிசைனர், எங்கள் கணினி, எங்கள் காலண்டரில் வந்த படம். ஆனால் சட்டச் சொற்றொடர் “வேலைக் காலத்தில்” என்பதல்ல, “வேலையின் போக்கில்” என்பது. இங்கிலாந்தின் ஸ்டீவன்சன் ஜோர்டன் வழக்கில் (1952) ஒரே ஊழியர் எழுதிய ஒரே புத்தகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள்: நிறுவனம் ஒப்படைத்த பணிக்காக எழுதியது நிறுவனத்துக்கு, அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் அவருக்கு. நேரமும் கருவியும் சான்றின் ஒரு பகுதி, தீர்மானிப்பது கடமை. வரையச் சொன்னார்களா, வரையாவிட்டால் வேலையில் குறை என்று கேட்டிருப்பார்களா?

வேலை விவரத்தில் “விற்பனைப் பொருட்களுக்கான படங்கள்” என்று இருப்பது ஓவியருக்குப் பாதகம்தான். அதே துறை, அதே ஊர், அதே பாணி. ஆனால் ஒரு வாட்ஸாப் உரையாடல் நிலைமையைத் திருப்பிவிட்டது. படங்களை அவர் முதலில் தன் இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த மேலாளர்: “நல்லா இருக்கும்மா. நம்ம காலண்டருக்குப் போட்டுக்கலாமா?” அவர்: “தாராளமா போட்டுக்கோங்க சார்.” தன்னுடையதாக இருந்தால் யாரும் அனுமதி கேட்பதில்லை. அனுமதி கொடுத்ததும் காலண்டருக்கு, துணிப்பைக்கு அல்ல. எங்கள் கணிப்பில் இந்த இரண்டும் ஓவியருக்கே போகும். அப்படிப் போனால் பையிலும் காந்தத்திலும் அவற்றை அச்சிட்டதில் மீறியவர் நிறுவனம். நோட்டீஸ் அனுப்பியவரே எதிர்வாதி ஆகும் நிலை. போதாததற்கு, ஆதாரமில்லாத மிரட்டல் நோட்டீஸுக்கு எதிராகவே பிரிவு 60-இன் கீழ் ஓவியர் வழக்குப் போடலாம்.

இந்த உரையாடலை நீதிமன்றத்தில் காட்ட வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: தாக்கல் செய்பவர் நிரப்புவது ஒன்று, நிபுணர் நிரப்புவது ஒன்று, கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) குறிக்க வேண்டும். போனை மாற்றுமுன் உரையாடலை ஏற்றுமதி செய்து, அசல் போனையும் பத்திரமாக வைப்பது நல்லது. படக் கோப்புகளில் லேயர் உள்ள அசல் கோப்புதான் பேசும், ஜேபெக் பேசாது.

கையொப்பம் பற்றியும் ஒரு சொல். அச்சுக்குப் போகும்போது எல்லாப் படங்களிலும் மூலையில் இருந்த ஓவியரின் கையொப்பத்தை அழித்திருந்தார்கள். எட்டுப் படங்களின் உரிமை நிறுவனத்துக்கே என்றாலும், வரைந்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், மானத்துக்குக் குந்தகம் வரும்படி சிதைத்தால் கேட்கும் உரிமையும் பிரிவு 57-இன்படி அவரிடமே இருக்கும். விஞ்ஞான் பவன் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்துச் சேதப்படுத்தியதற்காக அமர்நாத் சேகலுக்கு மத்திய அரசு ஐந்து லட்சம் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் சொன்னது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

வெளியாட்களும் ரப்பர் ஸ்டாம்பும்

தமிழாசிரியருக்குப் பன்னிரண்டு குறிப்புக்கும் சேர்த்து 6,000 ரூபாய். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி வவுச்சரில் கையெழுத்து. வவுச்சரின் கீழே நிறுவனத்தின் ரப்பர் ஸ்டாம்ப்: “முழு உரிமையுடன் கொடுக்கப்பட்டது.” நிறுவனம் இதை மலைபோல நம்பியிருந்தது.

எழுத்துப் படைப்பு (பி)-யில் வராது. அவர் ஊழியரும் இல்லை, எனவே (சி)-யும் இல்லை. முதல் உரிமையாளர் அவரே. உரிமையை வாங்க வேண்டுமானால் பிரிவு 19-இன்படி, கொடுப்பவர் கையொப்பமிட்ட எழுத்துமூல ஒப்படைப்பு, அதாவது உரிமையை மாற்றித் தரும் பத்திரம், தேவை. அதில் எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த எல்லை, என்ன தொகை என்று இருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்பில் கையெழுத்து உண்டு. மற்றது எதுவும் இல்லை. இதை ஒப்படைப்பாகவே ஏற்காமல் போகலாம். ஏற்றாலும், காலம் குறிக்கவில்லை என்றால் ஐந்தாண்டு, எல்லை குறிக்கவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று சட்டமே அளவு போட்டுவிடுகிறது. பாரிஸில் இருக்கும் வாடிக்கையாளருக்கு இந்தக் குறிப்புகளை நூலாக்கி விற்கத் திட்டமிட்டிருந்த நிறுவனத்துக்கு இது பெரிய அடி. இன்னொரு கண்ணி: வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்படைப்பில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும்.

வரைபடம் இதைவிடச் சுவையானது. 8,000 ரூபாய் கொடுத்துப் போடச் சொன்னது. கேட்டு வரைந்ததுதானே, (பி)-யில் வராதா? சட்டத்தின் வரையறைப் பிரிவு வண்ண ஓவியத்தையும் கோட்டோவியத்தையும் தனித்தனியாகச் சொல்லி, நிலப்படத்தையும் திட்டப்படத்தையும் கோட்டோவியத்துக்குள் வைக்கிறது. (பி)-யின் பட்டியலில் வண்ண ஓவியம் இருக்கிறது. கோட்டோவியம் இல்லை, சிற்பமும் இல்லை. ஆகவே தனியாரிடம் காசு கொடுத்து நீர்வண்ண ஓவியம் போட்டால் உங்களுக்கு. நிலப்படமோ கோட்டுச் சின்னமோ போட்டால் வரைந்தவருக்கு. கணினியில் வரையும் காலத்தில் இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று கேட்டால் இரு பக்கமும் வாதாடலாம். லோகோ வரையக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

நிறுவனத்தின் பர்ச்சேஸ் ஆர்டரில் “ஒர்க் ஃபார் ஹையர்” என்று ஒரு வரி இருந்தது. அமெரிக்க ஒப்பந்த மாதிரி ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டியது. அந்நாட்டுச் சட்டத்தில் அதற்குத் திட்டமான பொருளும், வெளியாட்களைப் பொறுத்தவரை குறிப்பிட்ட ஒன்பது வகைப் பட்டியலும் உண்டு. நம் சட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாது. அதைவிட முக்கியம், ஆர்டரில் கையெழுத்துப் போட்டவர் நிறுவன மேலாளர். உரிமையைக் கொடுக்க வேண்டியவர் கையெழுத்து எங்குமே இல்லை.

மாணவிக்கு உதவித்தொகையும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. கல்லூரிக் கடிதம் மட்டும். தொழிற்பயிற்சி ஒப்பந்தம் என்று இதை நீட்டுவது கடினம். ஒரு பக்க ஒப்படைப்பு எழுதி வாங்கினால் தீர்ந்தது. ஆனால் அவருக்கு வயது 17. பதினெட்டு நிறையாதவரோடு செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-இல் மோஹரி பீபி வழக்கிலிருந்து நிலைத்த விதி. பிறந்தநாள் தாண்டிய பிறகு கையெழுத்து வாங்க வேண்டும்.

துணிப்பையும் பதிவு விண்ணப்பமும்

நிறுவனத்துக்கே உரிய எட்டுப் படங்களிலும் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு டிசைனைப் பதியாமல், பொருளின் மேல் இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் இட்டுவிட்டால், அந்த டிசைனுக்கான பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 15. படத்தைத் துணி முழுக்க மடக்கி மடக்கி நிரப்பும் கோலமாக மாற்றி 600 பை தைத்திருந்தார்கள். ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியமாக நிற்கும். பையின் மேல் உள்ள கோலத்தை இன்னொரு பை வியாபாரி எடுத்தால் தடுப்பது கடினம். டிசைன் பதிவு, பொருள் கடைக்கு வருமுன் செய்ய வேண்டியது. வந்த பிறகு, பதிவுக்குத் தேவையான புதுமை போய்விடும்.

நோட்டீஸ் அனுப்பிய கையோடு நிறுவனம் பன்னிரண்டு படங்களுக்கும் பதிப்புரிமைப் பதிவுக்கு விண்ணப்பித்திருந்தது. படிவம் பதினான்கு, கலைப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய், சரக்கின் மேல் பயன்படுவதானால் 2,000. பதிவு கட்டாயம் அல்ல. உரிமையைப் பதிவு உண்டாக்குவதும் இல்லை, முதல்நிலைச் சான்று மட்டுமே. விண்ணப்பத்தில் உரிமை கோரக்கூடிய மற்றவர்களுக்கும் தகவல் தர வேண்டும். ஆட்சேபணைக்கு 30 நாள். படைத்தவர் வேறு, விண்ணப்பதாரர் வேறு என்றால் தடையில்லாச் சான்றும் கேட்பார்கள். தெரிந்தே பொய்ப் பதிவு செய்வது பிரிவு 67-இன் கீழ் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். நான்கு படங்களுக்கான விண்ணப்பத்தை நிறுவனம் உடனே திரும்பப் பெற வேண்டும் என்பதே இங்கே தரக்கூடிய முதல் ஆலோசனை.

வழக்கா, பேச்சா? வணிக வழக்குக்கான மதிப்பு மூன்று லட்சம் தொட்டால், அவசரத் தடை கேட்காதவரை, வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம். 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விதி. காலம் மூன்று மாதம், இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு. இந்த நிகழ்வில் சமரசமே இரு தரப்புக்கும் லாபம். இருவர் கையிலும் மற்றவருக்கு வேண்டியது இருக்கிறது.

எழுத வேண்டிய ஒப்பந்தம் இப்படி அமையலாம். எட்டுப் படங்கள் நிறுவனத்துக்கு என்று ஓவியர் ஏற்கிறார். மீதமுள்ள அச்சுகளை விற்றுத் தீர்க்க 60 நாள். நான்கு படங்களுக்கு நிறுவனம் உரிமம் (பயன்படுத்தும் அனுமதி மட்டும்) வாங்குகிறது: காலண்டர், துணிப்பை, காந்தம், நோட்டு அட்டை என்று பொருள் பெயர் சொல்லி, மூன்றாண்டு, உலகம் முழுதும், விற்பனை விலையில் இத்தனை சதவீதம். சைக்கிள் பையன் ஓவியருடையவன். எட்டுப் படங்களில் இருக்கும் அவனை நிறுவனம் அப்படியே பயன்படுத்தலாம், தனியே வெட்டியெடுத்துப் புதுப்பொருள் செய்யக் கூடாது. மறுபதிப்பில் கையொப்பம் திரும்ப வரும். ஆசிரியரிடமும் வரைகலைஞரிடமும் தனித்தனி ஒப்படைப்புப் பத்திரம், நூலுக்கும் இணையத்துக்கும் வெளிநாட்டுக்கும் சேர்த்து, கூடுதல் தொகையோடு. பின்தேதி போட்டு வாங்கும் ஆசை வேண்டாம். இன்றைய தேதியிட்டு, இதுவரை நடந்த பயன்பாட்டுக்கும் சம்மதம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். புயல் படத்துக்கு ஒரு பதிப்புக்கு மட்டும் உரிமம். கிடங்கில் இருக்கும் பிரதிகள் விற்றுத் தீர்ந்ததும் அது முடிகிறது.